ட்ரோனுக்கு ஒரு ஆன்-ஆஃப் சுவிட்ச்... தரையில் காக்கும், வானத்தில் கவிழ்க்கும்!

வீட்டில் ஓடுகிற மின்சாதனங்களை ஒருமுறை வரிசையாக எண்ணிப் பாருங்கள். மிக்ஸிக்கு சுவிட்ச் இருக்கிறது. கிரைண்டருக்கு இருக்கிறது. ஏன், திருவிழாக் கடையில் வாங்கிய டார்ச் லைட்டுக்குக்கூட இருக்கிறது. ஆனால், இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளை மாதக்கணக்கில் காசு சேர்த்து, ஒவ்வொரு பாகமாக வாங்கி, ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்து முடித்த ட்ரோனில் மட்டும் சுவிட்சைத் தேடினால் கிடைக்காது.

"இதை எப்படிடா ஆஃப் பண்றது?" என்று அம்மா கேட்டால், "பேட்டரியைப் பிடுங்கணும்மா" என்பதுதான் பதிலாக வரும்.

இது பிள்ளையின் கவனக்குறைவு இல்லை. உலகம் முழுக்க, சொந்தமாக ட்ரோன் செய்து பறக்கவிடுபவர்களில் பெரும்பாலானோர் பேட்டரியைச் செருகினால் ஆன், பிடுங்கினால் ஆஃப் என்றுதான் வைத்திருக்கிறார்கள். 'நாமே ஒரு சுவிட்ச் வைத்தால் என்ன?' என்ற கேள்வி, ட்ரோன் செய்யத் தொடங்கும் பலருக்கும் முதல் மாதத்திலேயே வந்துவிடுகிறது. வைக்கலாம். ஆனால், எந்த சுவிட்ச், எங்கே, எப்படி என்பதில் தப்பு செய்தால், விரல்களைக் காப்பாற்ற வைத்த சுவிட்சே தலையில் ட்ரோனைப் போட்டுவிடும்.

கடை ட்ரோனில் மட்டும் எப்படி?

பொம்மைக் கடையில் கிடைக்கும் குட்டி ட்ரோன்களின் அடியில் ஒரு நகர்த்தும் சுவிட்ச் இருக்கும். அவற்றின் மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து எடுப்பது சில ஆம்பியர் கரன்ட்தான். அதைச் சின்ன சுவிட்சே தாங்கிவிடும். 80 கிராம் எடையுள்ள டெல்லோ போன்ற ட்ரோன்களிலும் பக்கவாட்டில் ஒரு பட்டன் உண்டு.

பெரிய ட்ரோன்களில் கதை வேறு. டிஜேஐ நிறுவனம் 2013-ல் கொண்டுவந்த முதல் ஃபேன்டம் ட்ரோனில் பேட்டரி வயரைச் செருகி மூடியைச் சாத்த வேண்டும். அதே ஆண்டின் கடைசியில் வந்த ஃபேன்டம் 2-ல் பேட்டரிக்குள்ளேயே எலெக்ட்ரானிக் சுவிட்சும் பட்டனும் வந்தன. ஒருமுறை தட்டி, மறுமுறை அழுத்திப் பிடித்தால்தான் உயிர் பெறும். பைக்குள் இருக்கும்போது ஏதாவது பட்டு தானாக ஆன் ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த இரட்டை அழுத்தல்.

சொந்தமாகச் செய்பவர்களுக்கு அந்த வசதி கிடைப்பதில்லை. வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாக இறக்குமதி செய்வதற்கு, சில விதிவிலக்குகள் தவிர, 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தடை போட்டது. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. அதனால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ மோட்டார், ஃபிரேம், பேட்டரி என்று தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பது நம்மூரில் பலருக்கும் பழகிப்போன வழி. இந்தப் பாகங்களோடு சுவிட்ச் என்று ஒன்று வருவதில்லை.

100 ஆம்பியர் சமாசாரம்

இப்படிச் செய்யப்படும் ட்ரோன்களில் அதிகம் பார்க்கக்கூடியது, 5 அங்குல இறக்கைகள் கொண்ட ரகம். கண்ணாடி மாதிரி திரையை மாட்டிக்கொண்டு, ட்ரோனின் கேமரா வழியே பார்த்தபடி ஓட்டுவார்களே, அதுதான். நான்கு செல் பேட்டரியில் முழு சார்ஜில் 16.8 வோல்ட் இருக்கும். ஆறு செல் என்றால் 25.2 வோல்ட்.

ஷாக் அடிக்கும் அளவுக்கு வோல்டேஜ் இல்லை. விஷயம் கரன்ட்டில் இருக்கிறது. முழு வேகத்தில் ஏறும் சில விநாடிகளில் இந்த ட்ரோன் 100 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். வீட்டில் ஏசிக்கும் கீஸருக்கும் போடும் பெரிய பிளக் பாயின்டே 16 ஆம்பியர்தான். லைட், ஃபேன் சுவிட்ச் 6 ஆம்பியர்.

சுவிட்ச் என்பது இரண்டு உலோகத் துண்டுகள் தொட்டுக்கொள்ளும் இடம். தொடும் இடத்தில் சிறிது மின்தடை இருக்கும். அது 10 மில்லி ஓம், அதாவது ஒரு ஓமில் நூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். வீட்டு ஃபேனுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் 100 ஆம்பியர் பாயும்போது அந்த ஒரு புள்ளியில் 100 வாட் சூடு கிளம்பும். பழைய குண்டு பல்பின் மொத்தச் சூடும் ஒரு சின்ன பிளாஸ்டிக் சுவிட்சுக்குள் அடைபட்டால் என்ன ஆகும்? பிளாஸ்டிக் இளகும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளரும், தொடர்பு விட்டுப்போகும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. வீட்டுக்கு வருவது ஏசி மின்சாரம். விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகும். சுவிட்சுக்குள் பொறி கிளம்பினாலும் அந்தப் பூஜ்யத்தில் அணைந்துவிடும். பேட்டரி தருவது டிசி. அதில் பூஜ்யம் என்ற இடைவேளையே கிடையாது. '10 ஆம்பியர், 250 வோல்ட் ஏசி' என்று எழுதியிருக்கும் சுவிட்சை ட்ரோனில் வைத்து, 'அதான் 250 வோல்ட் தாங்குமே' என்று நினைப்பது தப்புக் கணக்கு.

'டப்' என்று ஒரு பொறி

ட்ரோன் பேட்டரியைச் செருகும்போது 'டப்' என்று ஒரு சத்தமும் நீலப் பொறியும் வரும். புதிதாகப் பார்ப்பவர்கள் பதறிப்போவார்கள். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்டில் பெரிய கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. அவை காலியான குடம் மாதிரி. பேட்டரியைத் தொட்டதும் ஒரே மடக்கில் நிரம்பப் பார்க்கும். அந்த ஒரு கணத்தில் பாயும் கரன்ட்தான் பொறியாகத் தெரிகிறது.

செருகும் பின்னில் பொறி வந்தால் அதன் முலாம் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப்போகும். அதே பொறி சாதாரண சுவிட்சுக்குள் வந்தால், உள்ளே உள்ள இரண்டு உலோகத் துண்டுகளும் உருகி ஒட்டிக்கொள்ளவும் செய்யலாம். பிறகு வெளியே 'ஆஃப்' என்று இருக்கும். உள்ளே கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படியும் சுவிட்ச் எதற்கு?

விரல்களுக்காக. வீட்டு மிக்ஸியின் பிளேடு நிமிடத்துக்கு 18,000 முதல் 20,000 முறை சுற்றும். ட்ரோனின் இறக்கை அதைவிட வேகமாக, 25,000 முறைக்கும் மேல் சுற்றக்கூடியது. மிக்ஸி பிளேடைச் சுற்றி ஜார் இருக்கிறது. ட்ரோன் இறக்கையைச் சுற்றி ஒன்றுமே இல்லை. போதாக்குறைக்கு, பேட்டரி கட்டப்படும் இடம் நான்கு இறக்கைகளுக்கும் நட்ட நடுவில்.

பேட்டரியைச் செருகியதும் மோட்டார் சுற்றிவிடாது. ரிமோட்டில் 'ஆர்ம்' என்ற தனி சுவிட்சைப் போட்டால்தான் சுற்றும். பீட்டாஃபிளைட் போன்ற மென்பொருள்கள், ஆர்ம் சுவிட்ச் ஏற்கெனவே போட்ட நிலையில் இருந்தாலோ, வேகக் குச்சி மேலே இருந்தாலோ கிளம்ப மறுத்துவிடும். பிக்ஸ்ஹாக் வகை ட்ரோன்களில் சிவப்பு விளக்கோடு தனியாக ஒரு பாதுகாப்பு பட்டனும் உண்டு. அந்த விளக்கு விட்டு விட்டு எரியும்வரை மோட்டாருக்கு உத்தரவு போகாது.

ஆனால் இவையெல்லாம் மென்பொருள் போடும் பூட்டுகள். செட்டிங் தப்பாக இருந்தால், வயர் மாறிப் பற்றவைத்திருந்தால், பையில் இருக்கும் ரிமோட்டின் சுவிட்ச் தட்டுப்பட்டால் பூட்டு திறந்துகொள்ளலாம். மின்சாரமே போகாமல் தடுப்பது மட்டும்தான் முழுப் பாதுகாப்பு. நொறுங்கி விழுந்த ட்ரோனை எடுக்கப் போகும்போது இதன் அருமை தெரியும். புல்லுக்குள் சிக்கி மோட்டார் துடித்துக்கொண்டிருக்கும்போது, பேட்டரி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தேடி, இறக்கைகளுக்கு நடுவே கையை விட வேண்டியிருக்கும். ஓரத்தில் சட்டென்று இழுத்துவிடும்படி ஏதாவது இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வானத்தில் ஆஃப் ஆனால்?

இங்கேதான் சிக்கல். மிக்ஸி சுவிட்ச் பழுதாகி நின்றுபோனால் சட்னி அரைபடாது, அவ்வளவுதான். ட்ரோன் 20 மீட்டர் உயரத்தில், அதாவது ஆறு மாடி உயரத்தில் பறக்கும்போது சுவிட்ச் விட்டுப்போனால் இரண்டே விநாடியில் தரையில் இருக்கும். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், விழும் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். பேட்டரியோடு சேர்த்து அரைக் கிலோவுக்கும் மேல் எடை கொண்ட பொருள் அது. கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்த்து விழாது.

நான்கு மோட்டார் ட்ரோனுக்கு, விமானம் மாதிரி சறுக்கிக்கொண்டே இறங்கும் வசதி கிடையாது. மின்சாரம் போனால் கல்தான்.

ஆகவே, தரையில் இருக்கும்போது பழுது வந்தால் 'ஆஃப்' ஆவது நல்லது. பறக்கும்போது பழுது வந்தால் 'ஆன்' ஆகவே இருப்பது நல்லது. ஒரே சுவிட்சிடம் இரண்டையும் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. அனுபவசாலிகள் பலர் சுவிட்சே வேண்டாம் என்று ஒதுங்குவது இதனால்தான். பறக்கும் பொருளில் கூடுதலாக ஒரு இணைப்பு என்றால், விட்டுப்போகக் கூடுதலாக ஓர் இடம் என்று அர்த்தம்.

வழி 1: சாவி பிளக்

வீட்டில் வயரிங் வேலைக்கு வரும் பழைய எலெக்ட்ரீஷியன்கள் ஒரு காரியம் செய்வார்கள். ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வயரில் கை வைப்பார்கள். யாரும் தெரியாமல் ஆன் செய்துவிட முடியாது. சாவி பிளக் என்பதும் அதேதான்.

பேட்டரியிலிருந்து வரும் பாசிட்டிவ் பாதையில், ட்ரோன் பக்கத்து வயரை வெட்டி அங்கே ஒரு கனெக்டர் வைப்பார்கள். அதற்கு ஜோடியான கனெக்டரின் இரண்டு முனைகளையும் ஒரு தடித்த வயரால் இணைத்தால் அதுதான் சாவி. செருகினால் ஆன், உருவினால் ஆஃப். உள்ளே ஸ்பிரிங் இல்லை, சர்க்யூட் இல்லை. பேட்டரி கனெக்டர் எந்த அளவுக்கு நம்பகமோ, அந்த அளவுக்கு இதுவும் நம்பகம். தூரத்திலிருந்தே, செருகியிருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இதற்கு எக்ஸ்டி90-எஸ் என்ற பொறி தடுக்கும் கனெக்டர் பொருத்தமானது. அதற்குள் 5.6 ஓம் ரெசிஸ்டர் ஒன்று ஒளிந்திருக்கிறது. செருகும்போது முதலில் அந்த ரெசிஸ்டர் வழியாக மெதுவாகக் கரன்ட் போகும். 25 வோல்ட் பேட்டரியில்கூட நாலரை ஆம்பியருக்கு மேல் தாண்டாது. கெப்பாசிட்டர் நிரம்பிய பிறகு முழுதாக அழுத்தினால் நேரடி இணைப்பு. 'டப்' சத்தமே இருக்காது. எடை கொஞ்சம் கூடும் என்பது மட்டும்தான் குறை.

வழி 2: எலெக்ட்ரானிக் சுவிட்ச்

மாஸ்ஃபெட் என்ற பாகத்தை வைத்துச் செய்யப்படும் சுவிட்ச் போர்டுகளும் கிடைக்கின்றன. பெரிய கரன்ட் மாஸ்ஃபெட் வழியாகப் போகும். நாம் அழுத்துவது மெல்லிய வயரில் தொங்கும் குட்டி பட்டனை மட்டும். ஒரு மாஸ்ஃபெட்டின் மின்தடை 1 மில்லி ஓம் என்றால், நான்கைப் பக்கம் பக்கமாக வைக்கும்போது கால் மில்லி ஓம் ஆகிவிடும். 100 ஆம்பியரிலும் சூடு இரண்டரை வாட்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பட்டன் வயர் அறுந்தால் அது ஆஃப் ஆகுமா, ஆன் ஆகவே இருக்குமா? பெரிய ரேடியோ விமானங்களைப் பறக்கவிடுபவர்கள், வயர் அறுந்தாலும் ஆன் ஆகவே இருக்கும் வகையைத்தான் தேடி வாங்குகிறார்கள். ட்ரோனுக்கும் அதுவே சரி. இறக்கைகளைக் கழற்றிவிட்டு, ஆன் செய்து, பட்டன் வயரை உருவிப் பார்த்தால் தெரிந்துவிடும். உடனே அணைந்தால் அந்த போர்டு ட்ரோனுக்கு ஆகாது. பேட்டரி பாதையில் பாசிட்டிவ்வைத் துண்டிக்கும் வகையாக இருப்பதும் நல்லது.

ஆனால், மாஸ்ஃபெட் எரிந்துபோகும்போது பெரும்பாலும் 'ஆன்' நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். வானத்தில் அது வரம். தரையில் ஆபத்து. பட்டன் ஆஃப் என்று சொன்னாலும் நம்பிக் கை வைக்க முடியாது. ஆகவே, இந்த சுவிட்ச் வைத்தாலும், தொடுவதற்கு முன்பு பேட்டரியைப் பிடுங்கும் பழக்கத்தை விடக் கூடாது.

வழி 3: சுவிட்ச் தேவையே இல்லையோ?

'செட்டிங் மாற்ற ஒவ்வொரு முறையும் பேட்டரி போட வேண்டியிருக்கிறது' என்பதால் சுவிட்ச் தேடுபவர்கள் உண்டு. பெரும்பாலான கட்டுப்பாட்டு போர்டுகள் யுஎஸ்பி கேபிளிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். மோட்டார் பக்கம் கரன்ட் போகாது. அந்த வேலைக்கு பேட்டரியே வேண்டாம்.

மேஜையில் வைத்து வேலை பார்க்கும்போது வீடியோ அனுப்பும் கருவி சூடாகிவிடுகிறது என்பது இன்னொரு காரணம். காற்றோட்டத்தில் பறக்கும்போது தானாகக் குளிரும்படி செய்யப்பட்டது அது. சில போர்டுகளில் அந்தக் கருவிக்கு மட்டும் போகும் மின்சாரத்தை ரிமோட்டிலிருந்தே நிறுத்தும் வசதி இருக்கிறது. அந்தப் பாதையில் பாய்வது ஓரிரு ஆம்பியர்தான். அது நின்றால் படம் போகும், ட்ரோன் விழாது. ஆனாலும் திரையைப் பார்த்து ஓட்டுபவர் அந்த சுவிட்சைப் பறக்கும்போது தொடக் கூடாது.

பொருத்துபவர்கள் கவனத்துக்கு...

1. முதல் வேலை, நான்கு இறக்கைகளையும் கழற்றுவது. எல்லாச் சோதனையும் முடிந்த பிறகுதான் திரும்ப மாட்ட வேண்டும்.

2. பேட்டரியின் வயரை வெட்டவே கூடாது. இரண்டு வயரும் கத்தரியில் ஒன்றாகச் சிக்கினால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். வெட்டுவது எப்போதும் ட்ரோன் பக்கத்து வயரை, பேட்டரி இல்லாதபோது.

3. ஏற்கெனவே இருக்கும் வயரின் தடிமனுக்குக் குறையாத சிலிக்கான் வயரையே பயன்படுத்த வேண்டும். சால்டரிங் அயர்ன் 60 வாட்டாவது இருந்தால்தான் ஈயம் உள்ளே வரை இறங்கும். மேலே மட்டும் ஒட்டிய பற்று, அதிர்வில் விட்டுப்போகும்.

4. ட்ரோன் ஃபிரேம் கார்பன் ஃபைபர். பார்க்க பிளாஸ்டிக் மாதிரி இருந்தாலும் மின்சாரத்தைக் கடத்தும். பற்றவைத்த இடம் எதுவும் அதில் படாதபடி சுருங்கும் உறை போட்டு மூட வேண்டும்.

5. சாவியோ பட்டனோ, இறக்கை சுற்றும் வட்டத்துக்கு வெளியே, பின்பக்கம் இருக்கட்டும். தொங்கும் வயரை கேபிள் டை போட்டு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் இறக்கையே அதை இழுத்து அறுத்துவிடும்.

6. முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது, டிவி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சீரியஸ் பல்பு தந்திரம் இங்கேயும் உதவும். நான்கு செல் பேட்டரிக்கு, 12 வோல்ட் வாகன பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்துக் கரன்ட் கொடுப்பார்கள். ஒரு மின்னல் மின்னி அணைந்தால் எல்லாம் சரி. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். போர்டு எரியாமல் தப்பித்தது.

7. அதன் பிறகு, ஆளில்லாத புல்வெளியில் ஒரு மீட்டர் உயரத்தில் சில நிமிடங்கள் நிறுத்திவைத்து இறக்கி, பேட்டரியைப் பிடுங்கிவிட்டு கனெக்டரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு என்றால் பற்றவைப்பு சரியில்லை.

மைதானத்தில் வரிசை முக்கியம்

முதலில் ரிமோட்டை ஆன் செய்து, ஆர்ம் சுவிட்ச் கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து பேட்டரியைக் கட்டிச் செருக வேண்டும். சாவி இல்லாததால் ட்ரோன் இன்னும் உயிரற்றுத்தான் இருக்கும். கடைசியாகச் சாவியைச் செருகிவிட்டு விலகி வந்து, பிறகு ஆர்ம் செய்ய வேண்டும். இறங்கியதும் இதற்கு நேர்மாறாக: ஆர்ம் ஆஃப், சாவி கைக்கு, பேட்டரி வெளியே, கடைசியில் ரிமோட் ஆஃப்.

2021-ம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை 'நானோ'. அதற்கு மேல் 2 கிலோ வரை 'மைக்ரோ'. தொழில்முறை அல்லாமல் மைக்ரோ ட்ரோன் ஓட்டுபவர்களுக்குப் பைலட் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் எங்கே பறக்கலாம் என்பதை டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் பார்த்தே ஆக வேண்டும். 240 கிராம் ட்ரோனில் ஒரு கனமான சுவிட்சை வைத்தால் அது மைக்ரோ வகைக்கு மாறிவிடும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

சுவிட்ச் வைத்தவர்கள் செய்யும் பெரிய தப்பு, ஆஃப் செய்துவிட்டு பேட்டரியை ட்ரோனிலேயே விட்டுவிடுவது. எலெக்ட்ரானிக் சுவிட்சுகளில் ஆஃப் நிலையிலும் துளி கரன்ட் கசியும். 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே, 1300 மில்லி ஆம்பியர் ஹவர் பேட்டரி 11 நாளில் காலியாகிவிடும். லிப்போ பேட்டரியின் ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது கெட்டுவிட்டது என்றே கொள்ள வேண்டும். அதை மறுபடி சார்ஜ் போட முயல்வது தீயை விலைக்கு வாங்குவது.

செமஸ்டர் தேர்வுக்காகப் பத்துப் பதினைந்து நாள் ட்ரோனை எடுத்துவைப்பவர்கள், பேட்டரியைத் தனியாகக் கழற்றி, செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி, துணியோ காகிதமோ இல்லாத இடத்தில், உலோகப் பொருள்கள் படாமல் வைக்க வேண்டும். சாவி பிளக்கையும் ட்ரோன் பெட்டியில் போடாமல் வேறு இடத்தில் வைத்தால், வீட்டில் இருக்கும் வாண்டுகள் எடுத்து விளையாடினாலும் இறக்கை சுற்றாது.